பொன்னிவள நாட்டின் இடைக்காலம்: அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் சமூக அடித்தளம் பற்றிய சில சிந்தனைகள்

1

இடைக்காலம் என்னும் சொல் வரலாற்று மாணவரின் குறிப்பேடுகளுள் மாத்திரம் வாழும் சொல்லன்று. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடொன்றிலோ, கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றிலோ மாலை வேளையிலே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் சிறுவர் அச்சொல்லை அறியாராயினும் அது குறிக்கும் உலகை நன்கறிவர். கோட்டை, கொடி, வாள், குதிரை, மந்திரவாதி, நெருப்புமிழும் பறவைநாகம், நீதிமானான அரசன், அவனுடைய அழகிய மகள் ஆகியன அவ்வுலகின் உறுப்புகள். சிறுவர் 'கார்ட்டூன்' என்று வழங்கும் அசைவூட்டத் தொடர்களிற் பெரும்பாலானவை இவ்வுலகிலேயே நிகழ்கின்றன.

இலங்கையிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. 1982இல் ரூபவாஹினி தொடங்கிற்று. அதன் பின்னரான நான்கு தசாப்தங்களிலே நம் சிறுவர் இறந்தகாலத்தைப் பற்றிப் பெறும் முதற் படிமங்கள் பாட்டியின் வாய்மொழியிலிருந்தும் கூத்துக் களரியிலிருந்தும் விலகித் திரைக்கு இடம் மாறியுள்ளன. இம்மாற்றத்தை நல்லதென்றோ கெட்டதென்றோ சட்டெனத் தீர்ப்பளிப்பது எமது நோக்கமன்று. திரை காட்டும் இறந்தகாலம் எவருடைய இறந்தகாலம் என்ற வினாவை எழுப்புதலே நோக்கமாகும்.

மேனாட்டு அசைவூட்டத் தொடர்களின் இடைக்காலம் பெரும்பாலும் ஆடை அணிகளின் இடைக்காலமாகும். 2018இல் வெளிவரத் தொடங்கிய 'டிசென்சான்ட்மென்ட்' போன்ற தொடர்கள் கோட்டையையும் முடியையும் நகைச்சுவைக்குரிய அரங்கப் பொருள்களாகக் கொள்கின்றன. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய இடைக்காலத்தைத் தானே கற்பித்துக் கொள்கின்றது என்னும் கருத்தை இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். இந்தியத் தொடர்களின் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. 2008இல் ஒளிபரப்பாகத் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிகளிற் குரல் மாற்றம் பெற்ற 'சோட்டா பீம்' தொடரின் தோலக்பூர் ஓர் இடைக்காலச் சிற்றரசு. அங்கே இந்திரவர்மன் என்னும் அரசன் உளன்; இளவரசி உளள்; லட்டு விற்கும் பெண்ணும் உளள். ஆயின் வரி தண்டுவோரைக் காண்பதரிது. நிலம் எவருக்குரியது, விளைச்சலில் எப்பங்கு அரண்மனைக்குச் செல்கின்றது என்ற வினாக்கள் அங்கே எழுவதில்லை. உழைப்பின் வரலாறற்ற அரசு அது.

இப்பின்னணியில் வேறொரு தொடர் நம் கவனத்தை வேண்டி நிற்கின்றது. கொங்கு நாட்டு அண்ணன்மார் சுவாமி கதையை அடிப்படையாகக் கொண்டு, ரொறன்ரோவைத் தளமாகக் கொண்ட மானிடவியலாளர் பிறெண்டா பெக் அம்மையார் உருவாக்கிய, 26 பகுதிகள் கொண்ட 'தி லெஜன்ட் ஒவ் பொன்னிவளா' என்னும் அசைவூட்டத் தொடரே அதுவாகும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்த இத்தொடரில் இடைக்காலம் ஆடையாக மாத்திரமன்றி நிலமாகவும் நீராகவும் ஏராகவும் காட்சி தருகின்றது. அக்காரணத்தாலேயே இது வரலாற்றாய்வுக்குரிய பொருளாகின்றது.

2

தொடர் உருவான வழியை முதலில் நோக்குவாம். கனடாவைச் சேர்ந்த பெக் அம்மையார் 1960களின் நடுப்பகுதியிலே காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையம் என்னும் ஊரில் தங்கிக் களஆய்வு நிகழ்த்தினார். அவ்வாய்வின் முதற் பயன் 1972இல் வெளியான கொங்கு வேளாண் சமுதாயம் பற்றிய நூலாகும். வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவினையே அந்நூலின் மையப் பொருளாயிற்று. அக்களஆய்வின்போது 1965ஆம் ஆண்டில், உடுக்கையடித்துக் கதை பாடும் ஊர்ப்பாடகர் பல இரவுகள் தொடர்ந்து பாடிய அண்ணன்மார் கதையை அவர் ஒலிநாடாவிற் பதிவு செய்தார். அக்கதை சொல்லப்படும் முறை பற்றிய அவரது ஆய்வு நூல் 1982இலும், தமிழ்ப் பாடம் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1992இற் சென்னையிலும் வெளியாயின. இதற்கிடையில் கவிஞர் சக்திக்கனல் இக்கதையை 1971இல் அச்சேற்றியிருந்தார். மு. கருணாநிதி இதனைப் 'பொன்னர் சங்கர்' என்னும் நாவலாக்கினார். அந்நாவல் 2011இலே திரைப்படமுமாயிற்று.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே ஓவியர் இரவிச்சந்திரன் ஆறுமுகத்தின் சித்திரங்களைக் கொண்டு பெக் அம்மையார் இக்கதையை அசைவூட்டத் தொடராக்கினார். சித்திரக்கதை நூல்களும் உடன் வெளிவந்தன. பெருந்தொழிலகங்களின் முப்பரிமாண உருவங்களை இத்தொடரிற் காண்பதற்கில்லை. தட்டையான உருவங்களும் அழுத்தமான வண்ணங்களும் நாட்டார் ஓவிய மரபை நினைவூட்டுகின்றன. பாடகனின் உடுக்கை, ஒலிநாடா, அச்சுநூல், திரை எனக் கதை நான்கு ஊடகங்களைக் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு கடப்பிலும் எது எஞ்சிற்று, எது உதிர்ந்தது என்பதே நாம் ஆராய வேண்டியது.

கதையின் போக்கைச் சுருக்கமாகத் தருவாம். பொன்னிவள நாட்டை உழுது பண்படுத்தும் பொருட்டுப் பார்வதி முதல் உழவரைப் படைக்கின்றாள். அவர்கள் வழி வந்த கோளாத்தாக் கவுண்டர் சோழ மன்னனிடம் நிலம் பெறுகின்றார். பயிரைக் காக்க அவர் அமைத்த கூரிய வேலியிலே பசுக்கள் மாள, சிவனின் சாபத்தால் அக்குடி மகப்பேறற்றதாகின்றது. கற்குவியலின் கீழ்க் கண்டெடுக்கப்பட்ட குழந்தையான குன்னுடையான் பெற்றோரை இழந்து, பிறர் வீட்டில் மாடு மேய்ப்பவனாக வளர்ந்து, தாமரையை மணந்து, தந்தையின் நிலத்துக்கு மீள்கின்றான். தாமரையின் நெடுந்தவத்தின் பயனாகப் பொன்னர், சங்கர் என்னும் இரட்டையரும் அருக்காணித் தங்காளும் பிறக்கின்றனர். தங்கையின் ஆசைக்காக அண்ணன்மார் காட்டிற் கிளி பிடிக்கப் புகுகின்றனர். அதன் வழியே வேட்டுவரோடு பகை மூள்கின்றது. வேட்டுவர் வளர்த்த கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வயலையும் நீர்நிலையையும் அழிக்கின்றது. பன்றி கொல்லப்படுகின்றது. இறுதிப் போரின் முடிவில் அண்ணன்மார் தம் வாளிலே தாமே வீழ்ந்து மாள்கின்றனர். தங்காள் அவர்களைச் சிறிது பொழுது உயிர்ப்பித்துப் பேசி வழியனுப்புகின்றாள்.

3

இக்கதையில் இடைக்காலத்தின் சுவடுகள் எவை? சோழ மன்னன் ஒருவன் வருகின்றான் என்பது கொண்டு மாத்திரம் கதையை இடைக்காலத்துக்குரியதெனல் பொருந்தாது. வாய்மொழிக் காவியம் எந்த ஒரு நூற்றாண்டுக்குள்ளும் அடங்குவதன்று. அது பாடப்பட்ட காலந்தோறும் புதியன ஏற்றும் பழையன மாற்றியும் வந்துள்ளது. ஆயின் கதையின் எலும்புக்கூடாக அமைந்த முரண்பாடுகள் சோழர் காலத்திலும் அதனை அடுத்தும் கொங்கு நாட்டில் நிகழ்ந்த சமுதாய மாற்றத்தோடு நெருங்கிய இயைபுடையன. நான்கு முரண்பாடுகளை எடுத்துக்காட்டுவாம்.

முதலாவது, காட்டுக்கும் வயலுக்கும் இடையிலான முரண்பாடு. காவிரியின் கழிமுகம் போன்று கொங்கு நாடு நன்செய் மிக்க நிலமன்று. புன்செய்யும் மேய்ச்சலும் காடும் கலந்தது அது. சோழரின் ஆதிக்கம் அங்கே பரவிய பின்னர், குறிப்பாகப் 10ஆம் நூற்றாண்டு தொடக்கம், காடுகள் அழிக்கப்பட்டு நீர்நிலைகளும் ஊர்களும் பெருகின. 'நாடு' என்னும் சொல் அன்று குறித்தது இன்றைய தேசத்தையன்று. உழுகுடிகள் ஒன்றிணைந்த வேளாண் நிலப்பிரிவையே அது குறித்தது. கொங்கு மரபு 24 நாடுகளைக் கணக்கிடுகின்றது. பேர்ட்டன் ஸ்ரைன் 1980இல் வெளியிட்ட நூலில் இந்நாடுகளையே இடைக்காலத் தென்னிந்திய அரசின் அடிப்படை அலகுகளாகக் கொண்டார். அவருடைய அரசுக் கோட்பாட்டை நொபொரு கராஷிமா முதலானோர் ஏற்கவில்லையாயினும், நாட்டின் முக்கியத்துவம் மறுக்கப்படவில்லை. பொன்னிவளம் அத்தகைய ஒரு நாட்டின் கற்பனை வடிவமாகும். கொம்பன் வயலை உழக்கும் காட்சியைச் சிறுவர் அரக்க விலங்கின் அட்டகாசமாகக் காண்பர். வரலாற்று மாணவனோ அதில் அழிக்கப்பட்ட காடு தன் இடத்தை மீளக் கோரி வருவதைக் காண்பான்.

இரண்டாவது, உழவருக்கும் கம்மாளருக்கும் இடையிலான முரண்பாடு. உழவர் வருமுன்னரே பொன்னிவளத்தில் வாழ்ந்தோர் கைவினைஞர் என்றும், அவர் உழவரின் வரவை எதிர்த்தனர் என்றும் கதை கூறுகின்றது. கதை நெடுகிலும் கம்மாளர் சூழ்ச்சியாளராகவே சித்திரிக்கப்படுகின்றனர். இங்கே கல்வெட்டுச் சான்று நமக்குத் துணை நிற்கின்றது. கொங்கு நாட்டுக் கம்மாளருக்குக் கோனேரிமேல்கொண்டான் என்னும் பட்டமுடைய மன்னன் விடுத்த ஆணை கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. மணவினையிலும் பிணவினையிலும் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்கையிற் செருப்பணியவும், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசவும் அவர்களுக்கு அவ்வாணை உரிமை வழங்குகின்றது. அரசன் ஆணையிட்டு வழங்க வேண்டியிருந்தது என்பதால், அதற்கு முன் இவ்வுரிமைகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன என்பது வெளிப்படை. சுவருக்குச் சாந்து பூசுதற்கும் அரசாணை வேண்டியிருந்த ஒரு சமுதாயத்திலே, கைவினைஞர் உழுகுடித் தலைமையை வெறுத்தமைக்கு அவர்தம் இயல்பான வஞ்சகத்தைக் காரணம் கூற வேண்டியதில்லை. கதை சூழ்ச்சியெனக் கூறுவதைக் கல்வெட்டு ஒடுக்குமுறையின் விளைவாக விளங்க வைக்கின்றது.

மூன்றாவது, உழவருக்கும் வேட்டுவருக்கும் இடையிலான முரண்பாடு. தலையூர்க் காளியும் அவன் கூட்டத்தாரும் காட்டு மாந்தராக, பண்படாதவராக, நாட்டின் பகைவராகத் தோன்றுகின்றனர். ஆயின் கொங்குக் கல்வெட்டுகளிலே கோயில்களுக்குக் கொடையளித்தோர் பலர் தம்மை 'வேட்டுவரில்' இன்ன கிளையினர் எனப் பெருமையோடு குறித்துள்ளனர். காட்டில் அலைந்து திரியும் கூட்டத்தார் கோயிலுக்குப் பொன்னும் விளக்கும் நிவந்தமும் அளித்தல் அரிது. வேட்டுவருள் ஒரு பகுதியினரேனும் நிலமும் செல்வாக்கும் உடையோராய் விளங்கினர் என்றே கொள்ளல் வேண்டும். எனவே கதையில் நாம் காணும் போர் நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் இடையிலான போரன்று. ஒரே நிலத்தின் மீது உரிமை கோரிய இரு சாராரின் போராட்டம் அது. வென்றோர் பாடிய பாட்டிலே தோற்றோர் காட்டுக்குத் தள்ளப்பட்டனர். இன்றும் தலையூர்க் காளியைத் தம் குல வீரனாகப் போற்றும் வேட்டுவக் கவுண்டர் உளர் என்பது இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது.

நான்காவது, உள்ளூர்த் தலைமைக்கும் பேரரசுக்கும் இடையிலான முரண்பாடு. மூதாதையர் சோழனிடம் நிலம் பெற்றனர். இளந்தலைமுறையோ அவனுக்குத் திறை செலுத்தும் கடப்பாட்டை எதிர்த்து நிற்கின்றது. நிலத்தை அளித்தவன் அரசனா, அதனை உழுதவன் உரிமையாளனா என்னும் வினா இதில் அடங்கியுள்ளது. உழுதவன் என்று இங்கே சொல்லப்படுபவனும் ஏர் பிடித்த கூலியாளல்லன், நிலக்கிழானே என்பதையும் மறத்தலாகாது. அண்ணன்மாருக்குப் பின்னே முரசுடன் சென்று, அவர்களோடு மாளும் பறையர் குலத்துச் சாம்புவனுக்குக் கதையில் வீரம் உண்டு, நிலம் இல்லை.

4

கதையின் வீரக்கூறும் இடைக்காலத் தமிழகத்தின் மண்ணிற் கால் கொண்டதே. பன்றியோடு பொருது மாண்ட வீரருக்கு எடுக்கப்பட்ட பன்றிக்குத்திப்பட்டான் கற்கள் தமிழகத்தின் வடமேற்குப் பகுதிகளிலே பலவாகக் கிடைத்துள்ளன. பயிரைக் காத்தற்காகப் பன்றி கொல்லுதல், நிரை காத்தல் போன்றே நினைவுக்கல் பெறத்தக்க வீரச் செயலாகக் கருதப்பட்டது. கொம்பனைக் கொல்வதில் முன்னிற்கும் பொன்னாச்சி என்னும் சிறு பெண்நாயைச் சிறுவர் பெரிதும் விரும்புவர். அந்நாய்க்கும் கல்லிலே முன்னோர் உண்டு. மகேந்திரவர்மன் காலத்ததான, 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த எடத்தனூர் நடுகல்லிலே வீரனின் அருகில் நாயொன்று செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்வரைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் அங்கே எழுதப்பட்டுள்ளன. மன்னர் பலரின் பெயர்கள் அழிந்தொழிந்த நாட்டிலே ஒரு நாயின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. மேனாட்டுத் தொடர்களின் பறவைநாகத்தைக் காட்டிலும் நம் சிறுவருக்கு அறிமுகம் செய்யத்தக்கது இந்த நாயேயாம்.

பாரதத்தின் சாயலும் இக்கதையில் உண்டு. அண்ணன்மார் பாண்டவரின் மறுபிறப்பினரெனக் கூறும் மரபையும் இத்தகைய பிற வாய்மொழிக் காவியங்களையும் 1999இல் வெளியான நூலொன்றில் ஆராய்ந்த அல்ப் ஹில்ட்பைற்றல், இடைக்காலத்தின் வட்டாரப் போர்ப் பண்பாட்டுச் சூழலிலே பாரதம் புத்துருக் கொண்டமைக்கு இவற்றைச் சான்றாக்கினார். மேலோர் காவியத்தை நிலக்கிழார் தமதாக்கித் தம் குடிக்குத் தெய்வத்தன்மை தேடினர் எனலாம்.

5

தொடர் எதனைச் செய்தது, எதனைச் செய்யவில்லை என்பதை இனி மதிப்பிடலாம். அதன் சாதனை சிறிதன்று. வாய்மொழிக் காவியமொன்றை அதன் மூன்று தலைமுறை விரிவோடு திரைக்குக் கொணர்ந்தமையும், உழவு, நீர், கால்நடை, மகப்பேறு ஆகிய அன்றாடக் கவலைகளை வீரக்கதையின் மையத்திலேயே வைத்தமையும், தாமரை, தங்காள் ஆகிய பெண்களின் ஆற்றலைக் குறைக்காது காட்டியமையும் பாராட்டுக்குரியன. தோலக்பூரிலே காணாத ஏரும் வேலியும் திறையும் பொன்னிவளத்தில் உள.

ஆயின் உடுக்கையிலிருந்து திரைக்கு வருகையில் உதிர்ந்தன சில உள. மணப்பாறையை அடுத்த வீரப்பூரிலே ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் இக்கதையின் படுகளம் நிகழ்த்தப்படுகின்றது. பிற ஊர்களிலும் படுகள நிகழ்வுகள் உண்டு. அங்கே காண்போர் காண்போராக மாத்திரம் இருப்பதில்லை. அருள் வந்து வீழ்வோர் உளர். வீழ்ந்தோரை எழுப்பும் சடங்கு உண்டு. மரணமும் மீளெழலும் ஊரே கூடி ஏற்கும் அனுபவமாகின்றன. திரையிலே அவை கதைச் சம்பவங்களாகச் சுருங்குகின்றன. மேலும், உடுக்கைப் பாடகன் தன் முன் அமர்ந்திருப்போரின் சாதியும் ஊரும் அறிந்து ஓரிடத்தைக் கூட்டியும் ஓரிடத்தைக் குறைத்தும் பாடுவான். பாடல் வேறுபட வேறுபடத் தலையூர்க் காளியின் தகுதியும் வேறுபடும். திரையோ ஒரு பாடத்தை நிலைப்படுத்திவிடுகின்றது. ஒரு பாடகரின் ஒரு காலத்துப் பாடம் 'தமிழரின் இடைக்காலம்' ஆகிவிடும் ஆபத்து இங்கேயே எழுகின்றது. புலம்பெயர் நாடுகளிலே வளரும் தமிழ்ச் சிறுவனுக்குக் கம்மாளரின் அரசாணையையோ வேட்டுவரின் கொடைக் கல்வெட்டையோ எடுத்துக் கூற அருகில் எவருமிலர். அவன் உழுகுடித் தலைவனே தமிழன் எனவும், ஏனையோர் பகைவர் எனவும் எண்ணி வளர்தல் கூடும்.

இது தொடரின் குறை மாத்திரமன்று. இடைக்காலத்தைப் பொற்காலமாகக் காணும் நமது பழக்கத்தின் குறையுமாகும். கொழும்பிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1856இற் பொன்னம்பல முதலியாரால் அமைக்கப்பெற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அவர் மைந்தர் பொன்னம்பலம் இராமநாதனாற் கருங்கற் கோயிலாக மீளக் கட்டப்பெற்ற பொன்னம்பலவாணேசுவரர் கோயில் கொட்டாஞ்சேனைப் பகுதியிலே விஜயநகரப் பாணியில் எழுந்து நிற்கின்றது. துறைமுக நகரொன்றின் நடுவே, பிரித்தானிய ஆட்சியின் உச்சக் காலத்தில், புதிதாய் எழுந்த தமிழ் உயர்குழாம் தனக்கு வேண்டிய இடைக்காலத்தைக் கருங்கல்லிலே கட்டிக் கொண்டது. அதன் கலைச்சிறப்பை நாம் மதிக்கின்றோம். ஆயின் அவ்விடைக்காலத்திலே தூண் இருந்தது. தூணைச் செதுக்கிய கம்மாளனின் செருப்புக்கான வழக்கு இருக்கவில்லை. கல்லிலே நிகழ்ந்ததே இன்று திரையிலும் நிகழ்கின்றது.

6

இலங்கைத் தமிழருக்கு இக்கதை கனடாவிலிருந்து வந்த புதுமையன்று. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர் தம்மோடு இதனைக் கொண்டு வந்தனர். காமன்கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு பொன்னர் சங்கர் கூத்தும் மலையக மக்களின் தலையாய ஆற்றுகைகளுள் ஒன்றாக இன்றளவும் விளங்குகின்றது. மின்திரையும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்திலே, லயன் அறைகளின் முன்னிருந்த வெளியில், தப்பின் ஒலிக்கு அண்ணன்மார் ஆடினர், மாண்டனர், எழுந்தனர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. ஒரு சாண் நிலமும் இல்லாத தொழிலாளர், நிலக்கிழாரின் புகழ் பாடும் கதையை ஏன் தமதாக்கிக் கொண்டனர்? ஊர்ப்பற்று, குலதெய்வ வழிபாடு, கங்காணிமாரின் ஆதரவு என்பன விடையின் பகுதிகளாகலாம். தோட்டத்திலும் சாதியடுக்கு அழியாது பேணப்பட்டமை மறைக்கத்தக்கதன்று. ஆயின் இதற்கப்பாலும் ஒரு காரணம் உண்டென்பது எமது கருத்து. காட்டை அழித்து நாடாக்கும் கதை அவர்தம் சொந்தக் கதையாகவும் இருந்தது.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டத்தின் துணையோடு மத்திய மலைநாட்டின் காடுகள் அரசுடைமையாகித் தோட்டத்துரைமாருக்குக் கைமாறின. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தம் சேனை நிலங்களையும் மேய்ச்சற் காடுகளையும் இழந்தனர். அக்காடுகளை வெட்டியும் எரித்தும் பாதையமைத்தும் பயிரிட்டும் பண்படுத்தியோருட் பெரும்பாலோர் தமிழகத்துத் தொழிலாளர். பொன்னிவளத்தின் கதை அவர்கள் கைகளிலே மீண்டும் நிகழ்ந்தது. ஆனால் ஒரு வேறுபாடு: பொன்னிவளத்திலே காட்டைத் திருத்தியவனுக்குச் சோழன் நிலம் தந்தான், இங்கே காட்டைத் திருத்தியவனுக்கு லயன் அறையே கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று. குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தது. காணியுரிமைப் பிரச்சினையோ இன்றும் தீர்ந்தபாடில்லை.

'நாடு' என்ற ஒரு சொல்லின் வரலாறு இங்கே முழுவட்டம் வருகின்றது. இடைக்காலத்திலே உழுநிலத்தைக் குறித்த சொல் இன்று தேசத்தைக் குறிக்கின்றது. மலையகத் தொழிலாளருக்கு அதன் இரு பொருளும் மறுக்கப்பட்டன. அத்தகைய மக்கள் பொன்னர் சங்கரை ஆடுகையில், நிலம் பெற்றவனின் வெற்றியைக் காட்டிலும் நிலத்துக்காக மாண்டவனின் வீழ்ச்சியும், அவனை அழுது எழுப்பும் தங்கையின் துயரமும் அவர்களின் நெஞ்சைத் தொட்டிருத்தல் இயல்பே. ஒரே கதை கொங்கு நாட்டு நிலக்கிழாருக்கு உரிமைப் பத்திரமாகவும், மலையகத் தொழிலாளிக்கு இழப்பின் ஓலமாகவும் அமைந்தது. கதையின் பொருள் கதையினுள் மாத்திரம் உறைவதில்லை. ஆடுவோரின் வாழ்நிலையே அதனைத் தீர்மானிக்கின்றது.

7

இன்று கொட்டாஞ்சேனையிலே வாழ்வோருட் பலர் மலையகத்திலிருந்து தொழில் தேடி வந்த குடும்பத்தினர். வெள்ளவத்தையிலே வடபுலத்திலிருந்து வந்தோர் மிகுதி. இரு பகுதிச் சிறுவரும் ஒரே தொடரைக் காணல் கூடும். ஒருவனுடைய பாட்டனார் படுகளத்திலே சங்கராய் வீழ்ந்திருக்கலாம். மற்றவனோ இப்பெயரைத் திரையிலேயே முதன்முதலாகக் கேட்டிருப்பான். தலைநகரிலே தமிழராக ஒன்றுபட்டு வாழும் இவ்விரு சாராரிடையே வரலாற்றறிவால் ஒரு பாலம் அமைத்தற்கு இத்தொடர் வாய்ப்பளிக்கின்றது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துவதும் தவறவிடுவதும் நம் கையிலேயே உள்ளன.

எனவே இரண்டு பணிகளை முன்வைக்க விரும்புகின்றோம். ஒன்று, மலையகத்தின் பொன்னர் சங்கர் கூத்து வடிவங்களை, தோட்டந்தோறும் காணப்படும் பாட வேறுபாடுகளோடு, ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்தல். 1965இலே ஓலப்பாளையத்தில் ஒரு தனியொருவர் ஒலிநாடாவோடு அமர்ந்து செய்த பணியை, கையடக்கத் தொலைபேசியிலே படக்கருவி கொண்டு திரியும் நம் மாணவர் செய்ய இயலாதென்பதற்குக் காரணம் யாதுமில்லை. மூத்த அண்ணாவிமார் மறையுமுன் இது செய்யப்படல் வேண்டும். மற்றது, தமிழ்ச் சங்கங்களும் பாடசாலைகளும் இத்தொடரைத் திரையிடுங்கால், கம்மாளரின் அரசாணை, வேட்டுவரின் கொடை, எடத்தனூர் நடுகல், மலையகக் கூத்து ஆகியவற்றையும் உடன் வைத்து விளக்குதல்.

சிறுவரிடமிருந்து கோட்டையையும் வாளையும் பறித்துக் கொள்ளுதல் நமது வேலையன்று. கற்பனை அவர்தம் உரிமை. ஆயின் கோட்டைக்குக் கல் சுமந்தவர் யார், வாளை வடித்தவர் யார், வயலுக்கு முன் அங்கே வாழ்ந்தவர் யார் எனக் கேட்கும் பழக்கத்தையும் அவர்களுக்கு வழங்குதல் நம் கடமையாகும். அவ்வாறு கேட்கத் தொடங்கும் சிறுவன், கொம்பன் வயலுட் புகும் காட்சியிலே ஒரு கணம் பன்றியின் பக்கமும் நின்று பார்ப்பான். இடைக்காலத்தைப் பற்றிய மெய்யான அறிவு அக்கணத்திலேயே தொடங்குகின்றது.